பதினோராவது நாள் பேருந்து

மார்ச் 2, சனி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கமாட்டேன். நலமாக இருந்தால் அங்கே ஏன் படுத்திருக்கப் போகிறீர்கள்.

வாசலில் இருக்கிற காவலாளி என்னை உள்ளே விடவில்லை. "பத்து நாளைக்கு யாரையும் பாக்க முடியாதும்மா. போனும் கிடையாது. லெட்டர் வேணா குடு, சிஸ்டர் படிச்சுப் பாத்துட்டுக் குடுப்பாங்க" என்றார். "அவங்க எதுக்குப் படிக்கணும்?" என்றேன். "உள்ளே எதையாவது ஒளிச்சு வச்சிருப்பாங்க" என்றார். ஒரு கடிதத்துக்குள் புட்டியை எப்படி ஒளிப்பது என்று வீடு வந்து சேரும்வரை பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். வழி கிடைக்கவில்லை. சிஸ்டருக்கு என் வணக்கம்.

வாசல் பலகையில் 'டீ-அடிக்‌ஷன் பிரிவு' என்று போட்டிருக்கிறார்கள். பேரிலேயே டீ இருக்கிறதே, காலையிலும் மாலையிலும் ஒழுங்காகக் கொடுக்கிறார்களா?

செவ்வாய்க்கிழமை நடந்தது உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை. நான் பள்ளியிலிருந்து வந்தேன். நீங்கள் சமையலறைத் தரையில் வலிப்பு வந்து இழுத்துக்கொண்டு கிடந்தீர்கள். ஆம்புலன்ஸ் வந்தது. நம் கட்டிடத்து லிஃப்ட் அன்றைக்கென்று ஓடவில்லை. ஊரில் பாதிப் பேரை மேலே தூக்கிவிட்ட லிஃப்ட் மெக்கானிக்கை நாலு பேர் சேர்ந்து படிவழியாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். நான் பிறகு சிரித்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, நேற்றுத்தான் உங்களை இந்தப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அத்தை நம் வீட்டுக்கு வந்துவிட்டார். உங்கள் தங்கை நீதிமன்றத்தில் ஒரு நாளைக்கு முப்பது பக்கம் மற்றவர்கள் பேச்சைத் தட்டச்சு செய்கிறார். வீட்டில் சொந்தமாக ஒரு வரி கிடையாது. "சாப்டியா", "விளக்கை அணை", அவ்வளவுதான். நேற்று உங்கள் கருவிப் பையிலிருந்து 'பழுது, படிக்கட்டைப் பயன்படுத்தவும்' பலகையை எடுத்துக் குளியலறைக் கதவில் மாட்டினேன். அத்தை அதைப் படித்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல், துண்டோடு கீழ்வீட்டுக்கு இறங்கிப் போய்விட்டார். விளையாட்டு காட்டுவதற்குக்கூட இந்த வீட்டில் சரியான ஆள் இல்லை.

பத்தே நாள்தானே. சுத்தமாகத் துலக்கி அனுப்பிவிடுவார்கள். வந்துவிடுங்கள்.

உங்கள்
வாலு


மார்ச் 4, திங்கள்

என் வாலுக்கு,

இது என் கையெழுத்து இல்லை. எனக்கு இன்னும் பேனா பிடிக்க வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் ஹோட்டல் சமையல்காரர், நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதுகிறார். (நான்தாம்மா அது. உங்கப்பா நல்லாத்தான் இருக்கார். எழுத்துப் பிழை இருந்தா என்னோடது. இங்கே சாப்பாட்டுல உப்பு இல்லேன்னா அது என்னோடது இல்ல.)

நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சிஸ்டர் வந்து நாடி பார்க்கிறார். இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்மேல் ஒரு தாளை வைத்து, எவ்வளவு நடுங்குகிறது என்று குறித்துக்கொள்கிறார். (முதல் நாள் தாள் கொடி மாதிரிப் பறந்துச்சு. இப்ப பரவால்ல.) ஊசியில் வைட்டமின் போடுகிறார்கள். மாத்திரை முதல் நாள் நாலு வேளை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். வேர்வையில் ஒரு நாளைக்கு மூன்று சட்டை மாற்ற வேண்டியிருக்கிறது. முந்தாநாள் சுவர் முழுக்க எறும்பு என்று கத்தினேனாம். எறும்பே இல்லையாம். (நானும் பாத்தேன்னு சொல்லிட்டேன். தனியாப் பாத்தா பயமா இருக்கும்ல.)

டாக்டர் கேட்டார், "இத்தனை வருஷம் குடிச்சவர், ஏன் ஒரே நாள்ல நிறுத்தினீங்க?" என்று. சும்மா தோன்றியது, நானாகத்தான் நிறுத்தினேன் என்றேன். அவர் நம்பினாரோ இல்லையோ, எழுதிக்கொண்டார்.

ஞாயிறோடு பத்து நாள் முடிகிறது. திங்கட்கிழமை விடுகிறார்கள். மதியம் இரண்டு மணிப் பேருந்தில் வந்துவிடுவேன். நீ வந்து நிற்காதே, பள்ளிக்குப் போ. அத்தையைப் படுத்தாதே.

அப்பா
(எழுதியது சமையல்காரர். எனக்குத் திங்கள் வரைக்கும் இல்ல, புதனோட பத்து நாள் முடியுது. ஜாலி.)


மார்ச் 5, செவ்வாய்

அன்புள்ள அப்பாவுக்கும், அப்பாவின் செயலாளர் சமையல்காரருக்கும்,

செயலாளர் அவர்களே, எறும்பு விஷயத்துக்கு நன்றி. இனிமேல் எங்கள் குடும்பத்தில் ஒருவர்.

அப்பா, வீடு எப்படி இருக்கிறது என்றால், குழாய் சொட்டுகிற சத்தம் என் அறைவரை கேட்கிறது. அது எப்போதும் சொட்டுகிற குழாய்தான். இத்தனை நாள் உங்கள் சத்தத்தில் கேட்கவில்லை. நீங்கள் தடுமாறி நாற்காலியில் இடிப்பது, அந்த நாற்காலியிடமே மன்னிப்புக் கேட்பது, டிவிக்காரனுக்குப் பதில் சொல்வது. அந்தச் சத்தமெல்லாம் எனக்குப் பிடிக்காது. இப்போது அது இல்லை. இதுவும் பிடிக்கவில்லை. அத்தை துணி தேய்க்கும்போது இஸ்திரிப் பெட்டியாவது ஏதோ முணுமுணுக்கிறது.

பள்ளியில் யாருக்கும் சொல்லவில்லை. அப்பாவுக்கு வேலையில் கால் சுளுக்கு என்று மட்டும் சொன்னேன். பாதி உண்மைதானே. பக்கத்து இருக்கைக்காரி, "ஒரு சுளுக்குக்கு எதுக்குடி இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?" என்றாள். மூஞ்சியும் அப்பாவோடு சேர்ந்து சுளுக்கிவிட்டது என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு ஜோக் சொன்னால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை என்பதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன்.

குடித்தனம் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் நம் வீட்டுக்கு வந்துதான் கண்டுபிடித்திருக்க வேண்டும். நீங்கள் வந்ததும் முதல் பாதியை வெட்டிவிட்டு, மீதியை என்ன செய்வதென்று பார்க்கலாம்.

ஒரு கேள்வி. சும்மாதான் கேட்கிறேன், அறிவியல் ஆர்வம். திடீரென்று நிறுத்தினால் ஏன் வலிப்பு வருகிறது? டாக்டர் என்ன சொன்னார்? குடிப்பது கெடுதல் என்றால் குடிக்காமல் இருப்பது நல்லதாகத்தானே இருக்க வேண்டும்? விவரமாக எழுதுங்கள்.

உங்கள்
வாலு


மார்ச் 7, வியாழன்

என் வாலுக்கு,

இது என் கையெழுத்துதான். கோடு போடாத தாளில் கொஞ்சம் மேலே ஏறுகிறது, தொழில் புத்தி. சமையல்காரர் நேற்றுப் போய்விட்டார். போகும்போது சிஸ்டர்கள் எல்லாருக்கும் கை கொடுத்தார். காலி கட்டிலைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது. சாப்பாட்டைத் திட்ட ஆளில்லை.

நீ கேட்டதை டாக்டரிடம் கேட்டேன். நிதானமாக உட்கார்ந்து சொன்னார். தினமும் குடிக்கிறவன் மூளையை அந்தச் சரக்கு அமுக்கிக்கொண்டே இருக்கிறது. மூளையும் விடாமல் எதிர்த்து உந்திக்கொண்டே இருக்கப் பழகிவிடுகிறது. அமுக்குகிற கையைத் திடீரென்று எடுத்தால், உந்துகிறது மட்டும் மிஞ்சும். அப்போதுதான் நடுக்கம், வேர்வை, எறும்பு, வலிப்பு. சில பேர் அதிலேயே போய்விடுவார்களாம். அதனால்தான் இங்கே படுக்க வைத்து, மாத்திரை கொடுத்து, கையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறார்கள். "வீட்டுல வச்சு நிறுத்துறது தைரியம் இல்ல சார், ஆபத்து. எங்ககிட்ட வந்து நிறுத்தணும்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். இந்தப் பத்து நாள் உடம்பைக் கழுவுகிற வேலை மட்டும்தானாம். பின்பக்கம் வேறொரு கட்டிடம் இருக்கிறது. அதில் மூன்று மாதம் இருந்து, தினமும் உட்கார்ந்து பேசி, ஏன் குடித்தோம், இனி எப்படி இருப்பது என்று பழக வேண்டுமாம். அதுதான் உண்மையான வைத்தியமாம். நான் வேண்டாம் என்றுவிட்டேன். நடுக்கம் நின்றுவிட்டது. பசிக்கிறது. அம்மா போனதிலிருந்து வீட்டில் உனக்கு நான் ஒருவன்தான். மூன்று மாதம் உன்னை விட்டுவிட்டு அங்கே உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருக்க முடியுமா? லிஃப்ட் நடுவில் நின்றது, ஆளை வெளியே எடுத்தாயிற்று, போதும்.

திங்கள், இரண்டு மணிப் பேருந்து.

அப்பா


மார்ச் 9, சனி

அப்பா,

இந்தக் கடிதத்தில் ஜோக் எதுவும் இல்லை. தேட வேண்டாம்.

நீங்கள் நானாகத்தான் நிறுத்தினேன் என்று டாக்டரிடம் சொன்னீர்கள். நீங்கள் நிறுத்தவில்லை. நான்தான் நிறுத்தினேன்.

நீங்கள் ஏணியிலிருந்து வழுக்கிக் காலில் கட்டோடு வந்த மறுநாள், ஞாயிறு மத்தியானம், நீங்கள் தூங்கும்போது செய்தேன். பாத்திரத் தொட்டிக்குக் கீழே, சோப்புத் தூளுக்குப் பின்னால் மூன்று புட்டி இருந்தது. மூன்றையும் ஊற்றிவிட்டேன். பால் போடாத டீயைக் கடுமையாகக் காய்ச்சி, ஆற வைத்து, விளக்கு வெளிச்சத்தில் நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நிரப்பினேன். உங்களால் வெளியே போய் வாங்க முடியாது. இரண்டு நாள் டீயைக் குடிப்பீர்கள், ஒன்றும் ஆகாது, அப்போது நான் வந்து உண்மையைச் சொல்வேன், பார்த்தீர்களா, இது இல்லாமலே இருக்க முடிகிறது என்று. அதுதான் திட்டம். எனக்கு அது நான் செய்ததிலேயே நல்ல வேலையாகத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் ஊற்றிக் குடித்தீர்கள். பாட்டுப் பாடினீர்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினீர்கள். டீ குடித்துப் போதை ஏறிய ஒரே மனிதர் என் அப்பாதான் என்று தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். திங்கட்கிழமை உங்களுக்கு வேர்த்தது. கை நடுங்கியது. காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். செவ்வாய் வந்து பார்த்தபோது நீங்கள் தரையில் கிடந்தீர்கள்.

ஆம்புலன்ஸ்காரர், "கடைசியா எப்ப குடிச்சார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். தெரியாது என்றேன்.

சில பேர் அதிலேயே போய்விடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து வேறு எதுவும் படிக்க முடியவில்லை. அத்தைக்குத் தெரியாது. இதைப் படிக்கப்போகிற சிஸ்டரைத் தவிர யாருக்கும் தெரியாது. நேரில் சொல்ல என்னால் முடியாது. அதனால்தான் நீங்கள் வருவதற்கு முன்னால் எழுதிவிட்டேன். படித்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். திட்டலாம், அடிக்கலாம். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

வாலு


மார்ச் 12, செவ்வாய்

அப்பா,

நேற்று மத்தியானம் பள்ளிக்கு மட்டம் போட்டேன். வராதே என்றீர்கள், நம் வீட்டு நிறுத்தத்துக்கு வந்து நின்றேன். இரண்டு மணிப் பேருந்தில் ஒன்பது பேர் இறங்கினார்கள். இரண்டரைக்கு நாலு பேர். மூன்று மணிப் பேருந்து நிற்காமலே போய்விட்டது, அதில்தான் இருந்திருப்பீர்களோ என்று அடுத்த நிறுத்தம் வரை ஓடினேன். ஐந்தரை மணிவரை நின்றேன். பழக்கடைக்காரர், "யாரைம்மா தேடுறே?" என்றார். யாருமில்லை என்றேன்.

ஆறு மணிக்கு சிஸ்டர் அத்தைக்கு போன் செய்தார். "உங்கண்ணன் இங்கதான் இருக்கார், இப்ப வரலையாம்" என்று மட்டும் சொன்னாராம். அத்தை அதைத் தட்டச்சு செய்வதுபோல் அப்படியே என்னிடம் சொன்னார்.

என் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். நீங்கள் வராததற்குக் காரணமும் தெரிந்துகொண்டேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் அதை எழுதிவிடுங்கள். ஒரு வரி போதும்.

உங்கள் மகள்


மார்ச் 13, புதன்

என் வாலுக்கு,

ஒரு வரியில் எழுத முடியாது. பொறுமையாகப் படி.

திங்கள் காலை பதினோரு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பையோடு வெளியே வந்தேன். வாரக் கடைசியில் கடிதம் கொடுக்கமாட்டார்களாம். அதனால் உன் சனிக்கிழமைக் கடிதத்தை சிஸ்டர் அப்போதுதான் கையில் கொடுத்தார். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு முறை. அதற்குள் மூன்று பேருந்து போய்விட்டது.

அடுத்து நடந்ததை நீ ஏற்றுக்கொள்வது கஷ்டம். மறைத்தால் பழைய கதைதான், அதனால் எழுதுகிறேன். நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மதுக்கடை. நான் எழுந்து ரோட்டைத் தாண்டி, அங்கே வரிசையில் நின்றேன். உன் கடிதம் கையில் இருந்தது. எனக்கு முன்னால் இரண்டு பேர். கையைப் பார்த்தேன், கொஞ்சம்கூட நடுங்கவில்லை. உடம்பு கேட்கவே இல்லை. மனசு தாங்கவில்லை, கால் தானாக அங்கே போய் நின்றுவிட்டது. இருபது வருஷமாகத் தாங்க முடியாத எதற்கும் அந்தக் காலுக்கு ஒரே இடம்தான் தெரியும். பத்து நாளில் என் கையைச் சரி செய்திருக்கிறார்கள். கால் பழைய கால்தான்.

பின்னால் நின்றவர், "அண்ணே, நிக்கறீங்களா இல்லையா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். திரும்பி நடந்து கேட்டுக்குள் வந்துவிட்டேன். காவலாளி, "என்ன சார், எதையாவது மறந்துட்டீங்களா?" என்றார். பின்பக்கக் கட்டிடத்துக்கு எந்த வழி என்று கேட்டேன். உனக்கு உடனே போன் செய்யச் சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் உன்னை ஐந்தரை மணிவரை நிற்க வைத்துவிட்டேன். அது என் தப்பு.

உள்ளே வந்தால் சமையல்காரர் பழைய கட்டிலில் படுத்திருக்கிறார். போய் ஐந்தே நாளில், நான் வெளியே போயிருந்த அந்த நேரத்தில்தான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இது அவருக்கு நாலாவது பத்து நாளாம். ஒருமுறைகூடப் பின்பக்கக் கட்டிடத்துக்குப் போனதில்லையாம். இந்த முறை சுவரில் எறும்பு என்று அவர் கத்தினார். நானும் பார்த்தேன் என்று சொன்னேன்.

இப்போது டீ விஷயம். இருபது வருஷம் குடித்தவனுக்கு அதற்கும் டீக்கும் வித்தியாசம் தெரியாதா? மூடியைத் திருகும்போதே தெரிந்தது. முதல் வாயில் உறுதியாகிவிட்டது. கொஞ்ச நேரம் புட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு, சரி, இதையே சாக்காக வைத்து நிறுத்திப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். பாட்டு நடிப்பு. தள்ளாட்டம் சுளுக்கு. என்னோடு குடிக்கிற மூன்றாம் மாடிக்காரருக்கு ஒரு போன் போட்டிருந்தால் அஞ்சு நிமிஷத்தில் புட்டி வந்திருக்கும். போன் தலைமாட்டிலேயே இருந்தது. நான்தான் போடவில்லை. டாக்டரிடம் நானாகத்தான் நிறுத்தினேன் என்று சொன்னது பொய் இல்லை.

திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ என்னை ஏமாற்றுவதாக நினைத்தாய். நான் ஏமாந்ததாக உன்னை ஏமாற்றினேன். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே காரியத்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் செய்திருக்கிறோம். ஒரு வார்த்தை பேசியிருந்தால் யாராவது ஒருவர், டாக்டரைக் கேட்போமே என்று சொல்லியிருப்போம். உன்னிடம் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்லிவிட்டு மறுபடி குடித்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். சொல்லாமல் தோற்றால் எனக்கு மட்டும்தானே தெரியும்.

மூன்று மாதம் இங்கே இருக்கப் போகிறேன். உன் மேல் கோபத்தில் இல்லை. உன்னிடம் வந்து சேரத்தான். இந்தக் கட்டிடத்தில் ஞாயிறு பத்து மணிக்கு வீட்டு ஆட்களையும் வரச்சொல்லி, எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்துப் பேசுகிறார்கள். வருகிறாயா? வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அப்பா


மார்ச் 15, வெள்ளி

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அத்தை இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, "நீ பண்ணது தப்பு. உங்கப்பா பண்ணதும் தப்பு. இத்தனை வருஷம் தெரிஞ்சும் தெரியாத மாதிரி ஒருத்தி வந்து போயிட்டு இருந்தேன் பாரு, அது எல்லாத்தையும் விடப் பெரிய தப்பு. சாப்பிட வா" என்றார். ஒரு மாதத்துக்கான பேச்சை ஒரே மூச்சில் செலவழித்துவிட்டார். இன்று காலையில் மறுபடி "விளக்கை அணை" தான்.

உங்கள் பையைக் கட்டிவிட்டேன். சட்டை ஆறு, லுங்கி மூன்று, முழங்கை தேய்ந்த அந்த ஸ்வெட்டர். ஷேவிங் லோஷனை எடுக்கவில்லை, அதில் ஆல்கஹால் இருக்கிறது என்று லேபிளில் படித்தேன். மூன்று மாதத்தை நாளாகக் கணக்குப் போட்டேன், பிறகு அழித்துவிட்டேன். எண்ணிக்கொண்டு நின்றால் எனக்கு என்ன ஆகிறது என்று திங்கட்கிழமை பார்த்துவிட்டேன்.

நீங்கள் வரிசையில் நின்றதைப் படித்து அழுதேன். அதை எழுதியதற்காக உங்கள் மேல் கொஞ்சம் நம்பிக்கையும் வந்தது. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்ததால் எது முன்னால், எது பின்னால் என்று சொல்ல முடியவில்லை. கோபமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோபத்தோடுதான் வருவேன், வட்டமோ சதுரமோ, எங்கே உட்காரச் சொன்னாலும் அதையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் தோற்றால் உங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று நீங்கள் முதல் வாய் குடித்துவிட்டுப் புட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். எப்போதுமே அங்கேதான் நிற்கிறேன், அப்பா. அன்று ஏன் அப்படி உட்கார்ந்திருந்தீர்கள் என்று மட்டும்தான் புரியவில்லை, மற்றபடி நீங்கள் தோற்ற ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரியும். ஒருமுறைகூட நீங்கள் இந்தப் பக்கம் திரும்பவில்லை, நானும் வெளியே வரவில்லை.

இனிமேல் தோற்பதாக இருந்தாலும் என்னிடம் சொல்லிவிட்டுத் தோற்றுப் போங்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். பத்து மணிக்கு வாசலில் இருப்பேன்.

உங்கள்
வாலு